கயிறு வாங்க வந்த ரஹேல்

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றவன் அனுபவம் சொல்லக் கிளம்பினால் கேட்பவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். தாராளமாகச் சிரியுங்கள். வழிகாட்டித் தொழிலில் முப்பத்திரண்டு என்பது மற்றத் தொழில்களில் அறுபது. தொண்டை அறுபதைத் தாண்டியிருக்கும், முழங்கால் எழுபதில் இருக்கும், ஒரே கதையைத் தினமும் சொன்ன மூளை மட்டும் எட்டாம் வகுப்பிலேயே நின்றிருக்கும். இப்போது கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வருகிற யாரும் என்னிடம் இந்தக் கூரை எத்தனை நூற்றாண்டுப் பழசு என்று கேட்பதில்லை. அந்தச் சுகத்துக்காகவே சம்பளத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். இதுவரை கொடுக்கவில்லை.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் புதுப் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கும் உங்களில் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வந்தீர்கள். "சார், யூதத் தெரு டூர் நீங்க பிச்சு உதறுவீங்கன்னு சொன்னாங்க. ஏதாவது டிப்ஸ் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். பிச்சு உதறியது உண்மைதான். எழுபதுகளின் கடைசியில் நான் சேர்ந்தபோது எங்கள் ஏஜென்சி மேனேஜர் எனக்குத் தந்த பயிற்சி ஒரே ஒரு வாக்கியம்: "பேச்சை நிறுத்தாதேடா. நீ நிறுத்தினா அவங்க யோசிப்பாங்க, யோசிச்சா கேள்வி கேப்பாங்க." வரலாற்றில் எம்.ஏ., அதுவும் முதல் வகுப்பு, கொச்சிக்குப் பக்கம் பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்த தமிழன், நாலு மொழி. எனக்கு இதைத் தனியாகச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. ஜெட்டியில் வாயைத் திறந்தால் திரும்ப லாஞ்ச் ஏற்றிவிடும் வரை மூட மாட்டேன். குழு இல்லாத நாளில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொச்சி வரலாறு இலவசம்.

நம் நடைப்பயணம் உங்களுக்கு மனப்பாடம். ஜெட்டியில் இறங்கி, அரண்மனையில் சுவரோவியம் காட்டி, அதன் முதுகுப்புறம் இறங்கும் யூதத் தெருவில் நுழைந்து, இருபக்கமும் மிளகு மூட்டை, சுக்கு மூட்டை மோந்து எல்லோரும் முறைவைத்துத் தும்மி, தெருக்கோடியில் மணிக்கூண்டு வைத்த யூதர் ஜெபாலயத்துக்கு வரவேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டும். தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளில் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்று சொல்லவேண்டும். உடனே பாதிப்பேர் குனிந்து ஒன்றுபோல் இருக்கும் இரண்டைத் தேட ஆரம்பிப்பார்கள். அந்த நேரத்தில் நாம் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். பிறகு கண்ணாடி விளக்குகள், பிறகு மேலே பெண்கள் மாடம், பிறகு ஷாப்பிங். சாலமோன் ராஜாவின் கப்பலில் தொடங்கும் வரலாறு கலைப்பொருள் கடை வாசலில் சுபமாக முடியும்.

அந்தத் தெருவின் மறுகோடியைத் தாண்டி இன்னொரு ஜெபாலயமும் இருந்தது. அங்கே தொழுத குடும்பங்கள் ஐம்பதுகளில் பெட்டி படுக்கையோடு கப்பலேறி இஸ்ரேல் போய்விட்டன. கட்டடம் இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் கயிற்றுக் கிடங்காகிவிட்டது. நம் பயணத்தில் அதற்கு இடம் கிடையாது. சீன ஓடு இல்லை, கண்ணாடி விளக்கு இல்லை, டிக்கெட் இல்லை. ஆகவே வரலாறும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். கப்பலில் வந்த குழு ஒன்றை ஓட்டிக்கொண்டு போனேன். குழுவுக்குத் தன்னைத்தானே தலைவியாக நியமித்துக்கொண்டவர், ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியை ஒருவர். கையில் தடிமனான வழிகாட்டிப் புத்தகம். நான் சொல்வதை எல்லாம் அதோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் தலையாட்டுவார். எனக்கு அந்தத் தலையாட்டலின்மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. கடைசி வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட இன்னொரு பெண், நாற்பது வயது சுமாருக்கு, நம்மைப் போன்ற நிறம், யாரோடும் பேசவில்லை. முகம் பார்த்து நாடு சொல்வதில் நான் நிபுணன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பிரேசில் என்று முடிவு கட்டினேன்.

ஜெபாலயத்துக்குள் நின்று மேலே கையை உயர்த்தினேன். "பெண்கள் அந்த மாடத்தில் அமைதியாக அமர்ந்து, கீழே ஆண்கள் ஓதுவதைக் கேட்பார்கள்" என்றேன் ஆங்கிலத்தில். 'அமைதியாக' என்பதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் கொடுப்பேன். அந்த இடத்தில் கணவன்மார்கள் சிரிப்பார்கள், மனைவிமார்கள் கணவன்மார்களைப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்களை முந்திக்கொண்டு கடைசி வரிசை சிரித்தது. அடக்க முடியாத சிரிப்பு.

குழு ஓடுகளுக்குக் குனிந்ததும் பிரேசில் என் பக்கத்தில் வந்து நின்றது.

"அமைதியாவோ? எந்தா மோனே பறயுன்னே!" என்றார். "எங்க அம்மா மேல இருந்தா கீழே ஒருத்தன் ராகம் தப்ப முடியாது. தப்பினா மேலேருந்து உரக்கப் பாடித் திருத்தும். அந்த ஆளு சரியாப் பாடுற வரைக்கும் விடாது."

மலையாளம். அதுவும் இன்றைய மலையாளம் இல்லை, ஐம்பதுகளில் டப்பாவில் அடைத்து இப்போதுதான் திறந்த மட்டாஞ்சேரி மலையாளம். உங்களுக்காகத் தமிழாக்கிச் சொல்கிறேன். பிரேசிலில் இதைப் பேசுவார்கள் என்று என் எம்.ஏ.யில் எங்கும் சொல்லித் தரவில்லை.

பெயர் ரஹேல். பத்து வயதில் பெற்றோரோடு இஸ்ரேல் போனவர். "எங்களுது இந்த ஜெபாலயம் இல்ல, அந்தக் கோடியில இருக்கிறது" என்றார். "அம்மா இப்ப படுக்கையோட கிடக்கு. இனி எழுந்து நடக்காதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. நான் இங்க வர்றேன்னதும் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுது. 'மாடத்துல என் இடத்துல, எனக்குப் பதிலா நீ ஒருதரம் உட்கார்ந்துட்டு வா'ன்னு. போட்டோ வேண்டா, ஒண்ணும் வேண்டா. உட்காரணும். அத்தறே உள்ளூ, அவ்வளவுதான். கூட்டிப் போவாயா மோனே? திரும்ப ஒருதரம் வர என்னால முடியாது."

அந்தக் கோடியில்தான் சிக்கல். கயிற்றுக் கிடங்கை வாடகைக்கு வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அப்பா காலத்திலிருந்து மட்டாஞ்சேரியில் வியாபாரம். தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பழகத் தங்கமான மனிதர், கிடங்கைப் பற்றிப் பேசாத வரைக்கும். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் யாரோ இரண்டு பேர் அளவு டேப்போடு வந்து சுவரை அளந்தார்கள் என்று, கையில் கிடைத்த கயிற்றைச் சுழற்றிக்கொண்டு ஜெட்டி வரை துரத்திப்போனவர். அவரிடம் போய் 'இவர்கள் பழைய ஆட்கள், உள்ளே கொஞ்சம் உட்காரணுமாம்' என்று சொல்வதற்குக் காயலில் நேராகக் குதித்துவிடலாம்.

இந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் போதெல்லாம் நான் பயப்பட்டிருக்க வேண்டும்.

குழுவைக் கலைப்பொருள் கடையில் விட்டேன். லாஞ்ச் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ரஹேலைத் தெருவோரம் நிறுத்தி, "மேடம், உள்ள போய் வர்ற வரைக்கும் நீங்க கயிறு வாங்க வந்த வியாபாரி. மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. ஜெர்மனியில பெரிய கம்பெனி" என்றேன்.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். உச்சி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது.

"உலகத்துல வேற நாடே கிடைக்கலையா உனக்கு?"

முதல் வகுப்பு என்று முன்பே சொன்னேன் அல்லவா.

"ஹாலந்து?" என்றேன்.

"ஹாலந்து ஆகட்டும்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அண்ணாச்சி கிடங்கு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு வியாபாரி என்றதும் எழுந்தே விட்டார். "சாயா கொண்டா! கடுப்பத்துல, நல்லா ஸ்ட்ராங்கா!" என்று எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்துவிட்டு என் காதருகே வந்தார்.

"என்ன தம்பி, ஹாலந்துக்காரி நம்ம கலர்ல இருக்கா?"

"கப்பல்ல வந்தாங்க அண்ணாச்சி. வெயில்."

"மேல்தட்டுலேயே படுத்துக் கிடந்து வந்தாளாக்கும்" என்று ஒப்புக்கொண்டார். லாபம் வருகிற பக்கத்தில் அவருக்குச் சந்தேகம் நிற்காது.

உள்ளே போனோம். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் எதுவும் தெரியவில்லை. நார் வாசனை, ஈர வாசனை. பிறகு மெல்ல மெல்ல உயரமான சுவர்களும், சுவரை மறைத்து அடுக்கிய கயிற்றுக் கட்டுகளும், கட்டுகளின்மேல் உட்கார்ந்து சோற்றுப் பொதி பிரித்துக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளிகளும் தெரிந்தார்கள். வேதச் சுருள்கள் இருந்த மாடக்குழியில் ஒரு பழைய தராசு. மேலே, கிழக்குப் பக்கம், மரக் கிராதியோடு பெண்கள் மாடம். அதிலும் கூரை வரைக்கும் கயிறு.

அண்ணாச்சி கட்டிலிருந்து ஒரு கயிற்றை உருவி ரஹேல் கையில் கொடுத்தார். அப்படியே தொழிலாளிகளின் தலைவரிடம், யூனியன் கன்வீனர் அவர், நல்ல மலையாளத்தில், "போன மழையில நனைஞ்சது அந்த மூலையில கிடக்கே, அதை இந்த மதாம்மை தலையில கட்டிருவோம். கப்பல்ல ஏத்தினப்புறம் யாரு மோந்து பார்க்கப் போறா" என்றார்.

ரஹேலின் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. கயிற்றை முறுக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார், மூலையில் கிடந்த கட்டைச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் "அது மட்டும் வேண்டாம்" என்றார்.

"பாத்தியா தம்பி!" அண்ணாச்சிக்குப் புல்லரித்துவிட்டது. "தொழில் தெரிஞ்ச பொம்பளை. எட்டத்துல இருந்தே கண்டுபிடிச்சிட்டா."

எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், மேலே இருக்கும் சரக்கைப் பார்க்கணுமாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவரை ஏற்றிவிட்டிருப்பேன். ஆனால் ரஹேல் தலையை நிமிர்த்தி மாடத்தைப் பார்த்தார். ஒரு சுற்றுலாப் பயணி தலையை நிமிர்த்தினால் வழிகாட்டிக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மாட்டுக்குப் புல்லைக் காட்டின மாதிரி. என் வலது கை தானாக உயர்ந்தது. தொண்டை தானாகக் கனைத்துக்கொண்டது. நான் கேட்டுக்கொண்டே இருக்க, என் வாய் ஆங்கிலத்தில் சொல்லியது: "மேலே நீங்கள் காண்பது பெண்கள் மாடம். அதன் முன்னால் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை, கேரள ஜெபாலயங்களுக்கே உரிய சிறப்பு. உத்தரத்தில் செதுக்கிய தாமரைகளைக் கவனிக்கவும்."

தாமரைகளைக் கவனிக்கவும்! ஹாலந்துக் கயிற்று வியாபாரி!

அண்ணாச்சிக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அந்தக் கை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் யூதத் தெருவில் அதே கை அதே உயரத்தில் தூக்கி நிற்பதைப் பார்த்தவர்.

"ஏலே, கயிறு வாங்க வந்தவளுக்கு உத்தரத்தை எதுக்குலே காட்டுதே?"

"அது வந்து அண்ணாச்சி, ஹாலந்துல உத்தரத்துல கயிறு கட்டித் தொங்கவிடுற..."

"யாரு இவ?"

நான் அடுத்த பொய்க்கு மூச்சை இழுத்தேன். ரஹேல் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். "மோனே, நீ ஒரு நிமிஷம் மிண்டாதே, வாயைத் திறக்காதே" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அண்ணாச்சியிடம் மலையாளத்தில், "நான் இங்கதான் பிறந்தேன். என் பேரு ரஹேல். இது எங்க பள்ளி, நாங்க தொழுத இடம். கயிறு எனக்கு வேண்டா" என்றார்.

சோற்றுப் பொதிகளுக்கு மேலே எல்லாக் கைகளும் நின்றுவிட்டன.

அண்ணாச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. நனைந்த சரக்கு விஷயம் அம்பலமானதுகூட அவருக்கு அப்போது உறைக்கவில்லை. "எடுத்துக்கிட வந்திருக்கீங்களா?" என்றார். "எங்க அப்பா வாடகைக்கு எடுத்தது. ஒரு மாசம் பாக்கி கிடையாது. வக்கீல் எங்க, வெளியே நிக்காரா?"

"வக்கீலும் இல்ல, கேஸும் இல்ல. மேல எங்க அம்மா இடத்துல ஒருதரம் உட்காரணும். அம்மா சொல்லி விட்டுது. அது போதும்."

"உட்காரணுமா!" அண்ணாச்சி இப்போதுதான் உண்மையில் அலறினார். "அதெல்லாம் ஆகாது. உங்களுக்கு இந்த ஊர் சட்டம் தெரியாது. கேரளத்துல ஒருத்தன் ஒரு இடத்துல குந்திட்டான்னா அப்புறம் மந்திரியே வந்தாலும் எழுப்ப முடியாது. குடிகிடப்புன்னுவான், அவகாசம்னுவான், இருந்த இடம் சொந்தம்னுவான். பேசிக்கிட்டு நில்லுங்க, வேணும்னா அழுங்க. உட்கார மட்டும் விட மாட்டேன்!"

எனக்குள் ஒரு முழுச் சொற்பொழிவு திரண்டு நின்றது. பாரம்பரியம், மனிதநேயம், கொச்சி ராஜாக்கள் அடைக்கலம் கொடுத்த பெருமை, மேற்கோளோடு. ரஹேலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒரு கையை லேசாக என் பக்கம் விரித்து வைத்திருந்தார், தெருவைக் கடக்கும்போது குழந்தையைத் தடுப்பார்களே, அப்படி. நான் வாயை மூடினேன். தொழிலுக்கு வந்த பிறகு, சாப்பிடாத தூங்காத நேரத்தில், முதல் தடவை.

மேனேஜர் பயந்தது சரிதான், பேச்சு நின்றால் மனிதர்கள் யோசிக்கிறார்கள். அண்ணாச்சியும் யோசித்தார். பிறகு, விட்டுக்கொடுத்த குரலில் இல்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில், "எந்த இடம்?" என்றார். "உங்க அம்மா இடம்."

"அந்தக் கடைசி ஜன்னலுக்கு இந்தப் பக்கம்."

"அங்கயா? அங்கதான் என் முதல் தரச் சரக்கு இருக்கு. மொத்தக் கட்டடத்துலயும் அந்த ஒரு இடத்துலதான் ஒழுகாது."

ரஹேல் சிரித்தார். "அம்மாவும் அதையேதான் சொல்லும். மழைக்காலத்துல மாடம் முழுக்க ஒழுகும், அந்த இடம் மட்டும் உலர்ந்து இருக்கும்னு. அதுக்காகவே முதல்ல போய் இடம் பிடிக்குமாம். பின்னால வந்தவங்க எல்லாம் முக்காடு நனைஞ்சு, அம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாங்களாம்."

அண்ணாச்சி ஒரு கட்டின்மேல் மெல்லச் சாய்ந்தார்.

"என்னது? அப்பமே ஒழுகுச்சா?"

"நல்லா ஒழுகும்."

"நீங்க இருந்த காலத்துலயே? எங்க அப்பா வர்றதுக்கு முன்னாலயே?"

"நான் பிறக்கிறதுக்கு முன்னாலயே."

"கேட்டியளா!" அண்ணாச்சி தொழிலாளிகளைப் பார்த்துத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, சத்தியமாக. "கேட்டியளா எல்லாரும்? எங்க அப்பா மாடத்துல கட்டு ஏத்தித்தான் ஓடு உடைஞ்சதுன்னு இந்தக் கட்டடத்துக்காரன் சொல்லிச் சொல்லியே அவரைக் கொன்னான். எனக்கும் அதே பேச்சு. அம்மா, நீங்க இன்னொரு தரம் சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா."

ரஹேல் சொன்னார், சத்தமாக. மட்டாஞ்சேரி யூதர் வரலாற்றில் நேரில் கண்ட ஒருவர் சாட்சி சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். விஷயம், கூரை ஒழுகியது.

"போய் உட்காருங்க" என்றார் அண்ணாச்சி. "சட்டம் கெடக்கு."

சட்டம் கிடந்தது. யூனியன் அப்படிக் கிடக்கவில்லை. மாடத்துக்குப் போகும் படிக்கட்டு முழுக்கக் கட்டு அடுக்கியிருந்தது. அண்ணாச்சி கன்வீனரைப் பார்த்தார். கன்வீனர் மீன் முள்ளை நிதானமாக எடுத்து இலையோரம் வைத்தார்.

"சாப்பாட்டு நேரம். லோடு தொடுற பேச்சே இல்ல."

"சேட்டா, லாஞ்ச் போயிடும்" என்று நான் ஆரம்பித்தேன். சரி, மூடின வாய் அவ்வளவு நேரம்தான் மூடியிருந்தது.

"சாரே, இது நூறு பேர் போராடி வாங்கின நேரம். ஒரு ஆளுக்காக விட முடியாது." அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாடத்தின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு ரஹேலை ஒருமுறை பார்த்தார். "பக்ஷே, நாங்க உட்கார்ந்து சாப்பிட்ட கட்டு லோடு இல்ல. அது கசேர. எங்க கசேரயை நாங்க எங்க வேணும்னாலும் போட்டுக்குவோம். எழுந்திரிங்கடா."

நாற்காலிகள் நகர்ந்தன. ஒன்றின்மேல் ஒன்று, பிறகு சற்றுத் தள்ளி இன்னும் உயரமாக. கண்மூடித் திறப்பதற்குள் தரையிலிருந்து மாடத்தின் கிராதி வரைக்கும் கயிற்றுக் கட்டுகளில் ஒரு படிக்கட்டு நின்றது. முதலாளிக்காக அவர்கள் அந்த வேகத்தில் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அண்ணாச்சியும் பார்த்ததில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. ரஹேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். கிராதியைத் தாண்டி, முதல் தரச் சரக்கின்மேல், கூரைக்கு ஒட்டி, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் போய் மறைந்தார்.

நான் வாசலுக்கு வந்தேன். வந்த இடத்தில் குழு நின்றது.

கலைப்பொருள் கடையில் கரண்ட் போய்விட்டதாம். இருட்டில் வெண்கலமும் பித்தளையும் ஒன்று என்று கண்டுகொண்ட அவர்கள், தெருவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறார்கள். முன்னால் ஆசிரியை, புத்தகத்தில் விரலை வைத்தபடி.

"இந்தப் பக்கம் இரண்டாவதாக ஒரு ஜெபாலயம் இருந்ததாகப் போட்டிருக்கிறதே?" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே ரஹேல் பாட ஆரம்பித்தார். கொச்சி யூதப் பெண்கள் கல்யாணத்துக்குப் பாடுகிற மலையாளப் பாட்டு. மெல்லிய குரல், யாருக்காகவும் இல்லாத குரல். குழுவின் காமிராக்கள் கழுத்திலிருந்து கைக்கு வந்தன.

இப்போது என் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எனக்குப் பின்னால், எந்த வழிகாட்டியும் காட்டாத ஒரு ஜெபாலயம். அதன் மாடத்தில், அங்கேயே பிறந்த ஒரு பெண், தாயின் இடத்தில் உட்கார்ந்து, தாயின் பாட்டைப் பாடிக்கொண்டு. மாடத்துக்கு ஏற ஒரு படிக்கட்டு வேறு, கயிற்றால் ஆனது. இதற்கு மேல் ஒரு வழிகாட்டி சாமியிடம் என்ன கேட்பான்? கதவைத் திறந்து கையை உயர்த்தினால் போதும். ஆசிரியை ஆயுளுக்கும் தலையாட்டிக்கொண்டே இருப்பார். ஏஜென்சியில் என் படத்தை மாட்டியிருப்பார்கள். ரஹேலின் முகத்தில் இத்தனை ஃபிளாஷ் பல்பும் அடித்திருக்கும்.

"இது என்ன இடம்?" என்றார் ஆசிரியை.

"கயிற்றுக் கிடங்கு."

"உள்ளே பாடுவது?"

"சாப்பாட்டு நேரம். யாரோ பாடுகிறார்கள்."

"பார்க்கலாமா?"

"பார்க்க ஒன்றும் இல்லை" என்றேன். வலது கையைப் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து அண்ணாச்சி தலையை நீட்டி, தன் கைவசம் இருந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்தார்: "நோ. லஞ்ச். க்ளோஸ்." கதவைப் பாதி இழுத்துச் சாத்திவிட்டு என்னிடம், "ஏலே, உள்ள விட்டிருந்தா இதுல யாராவது கயிறு வாங்கியிருப்பாளோ?" என்று வருத்தப்பட்டார்.

ஆசிரியை புத்தகத்தை மூடினார். உள்ளூர் வரலாறு தெரியாத ஒருவனை அனுப்பிவிட்டார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாகவே. மறுநாள் அது மேனேஜருக்கும் கேட்டது. "உன்மேல முதல் தடவையா இப்படி ஒரு புகார் வந்திருக்குடா" என்றார். "பேசலையாமே!"

இதிலிருந்து உங்களுக்கு என்ன டிப்ஸ் எடுத்துக் கொடுப்பது என்று யோசித்தேன். பேட்ஜ் கொடுக்கும்போது பேசுவதற்கு அனுமதி கொடுக்கிறார்கள். பேசாமல் இருப்பதற்கு எந்த இலாகாவும் அனுமதி கொடுக்காது, நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். எப்போது என்று கேட்காதீர்கள். கை உயரும்போது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் ஆறு தடவையாவது உயர்த்துவீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

ரஹேல் ஜெட்டிக்கு ஓடி வந்து கடைசி ஆளாக லாஞ்சில் ஏறினார். மேலே எப்படி இருந்தது, ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது, எதையும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெண்டுருத்திப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற வரை காயலையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையின் பின்புறம், தோளிலிருந்து இடுப்பு வரை, கயிற்று நார் பொன் நிறத்தில் அப்பிக்கிடந்தது.

ஆசிரியைக்கு அழுக்கு பொறுக்காது. கைக்குட்டையை எடுத்துத் தட்டிவிடப் போனார். ரஹேல் சட்டென்று விலகி, முதுகை லாஞ்சின் கம்பிக்குக்கூடக் கொடுக்காமல் நேராக நின்றுகொண்டார்.

"தொடண்டா" என்றார் மலையாளத்தில். பிறகு ஆங்கிலத்தில், "இது என் அம்மாவுடையது."